முதல் பக்கத்தைப் படிப்பது எப்படி?

லண்டனிலும் பர்மிங்காமிலும் இருக்கும் உறவினர்கள் வழியாக, அங்கத்திய பத்திரிகைகளின் முதல் பக்கப் படங்கள் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேருகின்றன. உள்ளே இருக்கும் செய்தியை யாரும் அனுப்புவதில்லை. தலைப்பைப் பார்த்ததுமே "அங்கே இப்படியாமே" என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். எனவே இம்மாதம் அந்த முதல் பக்கத்தையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பிரிட்டனில் 'சன்', 'டெய்லி மெயில்', 'டெய்லி மிரர்' போன்றவற்றை டேப்லாய்டு என்பார்கள். பக்கம் சிறியது. அதில் ஒரு பெரிய படம், நாலைந்து சொற்களில் கொட்டை எழுத்துத் தலைப்பு. செய்திக்கு மிஞ்சுவது சில வரிகள்தான். அந்நாட்டில் தொலைக்காட்சியும் வானொலியும் நடுநிலையோடு செய்தி தர வேண்டும் என்ற விதி உண்டு. பத்திரிகைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு கட்சியை வெளிப்படையாகவே ஆதரிக்கலாம். ஆனால் கருத்து எது, ஊகம் எது, நடந்தது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்று அவர்களுடைய நடத்தை விதியே சொல்கிறது.

வெளிப்படையான சார்புக்குப் பேர்போனது 1992 ஏப்ரல் 9ஆம் தேதி 'சன்' இதழ். அன்று பொதுத்தேர்தல். தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் தலையை ஒரு மின்விளக்குக்குள் வைத்துப் படம் போட்டார்கள். இவர் வென்றால், நாட்டை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்பது தலைப்பு. ஜான் மேஜரின் கன்சர்வேடிவ் கட்சி வென்றது. இரண்டு நாள் கழித்து, வெற்றி தேடித் தந்ததே 'சன்'தான் என்று அதே பத்திரிகை முதல் பக்கத்தில் பெருமை அடித்துக்கொண்டது. அது உண்மையா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். 1997 மார்ச்சில் அதே பத்திரிகை தொழிற்கட்சியின் டோனி பிளேரை ஆதரித்து முதல் பக்கம் போட்டது. இந்த வகைச் சார்பைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கட்சிக்கொடி பிடித்து வருகிறவரை யாரும் நடுவர் என்று நினைப்பதில்லை.

செய்தி போலவே வரும் சார்புதான் சிக்கல். 2016 நவம்பர் 3ஆம் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் நடைமுறையைத் தொடங்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியேறலாமா கூடாதா என்று நீதிபதிகள் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் 'டெய்லி மெயில்' மூன்று நீதிபதிகளின் படங்களைப் போட்டு, 'மக்களின் எதிரிகள்' என்று தலைப்பிட்டது. சட்டக் கேள்வி மறைந்து, மூன்று முகங்கள் மட்டும் நின்றன. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் 8க்கு 3 என்ற கணக்கில் அதே தீர்ப்பைத்தான் உறுதி செய்தது.

இனி, நம்மை நேரடியாகத் தொடும் உதாரணம். பாரிஸ் தாக்குதல் நடந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. 2015 நவம்பர் 23ஆம் தேதி 'சன்' முதல் பக்கத் தலைப்பு, பிரிட்டிஷ் முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவருக்கு ஜிஹாதிகள் மீது அனுதாபம் என்று சொன்னது. ஆதாரம், சர்வேஷன் நிறுவனம் சுமார் ஆயிரம் பேரிடம் தொலைபேசியில் எடுத்த கருத்துக்கணிப்பு.

அந்தக் கணிப்பின் கேள்வியைத் தேடிப் படித்தால் 'ஜிஹாதி' என்ற சொல்லே அதில் இல்லை. சிரியாவில் போராடுபவர்களோடு சேர நாட்டை விட்டுப் போகும் இளம் முஸ்லிம்கள் மீது உங்களுக்கு அனுதாபம் உண்டா என்பதே கேள்வி. எந்தப் படை, எந்தப் பக்கம் என்று அதில் இல்லை. வழிதவறிப் போன பிள்ளைக்காகப் பரிதாபப்படும் ஒரு தாயும் 'ஓரளவு உண்டு' என்றுதான் சொல்லியிருப்பார். 'மிகுந்த அனுதாபம்' என்றவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம். 'ஓரளவு' என்றவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். இரண்டையும் கூட்டித்தான் 'ஐந்தில் ஒருவர்' பிறந்தார். பத்தில் ஏழு பேர் அனுதாபமே இல்லை என்று சொன்னது முதல் பக்கத்துக்கு வரவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் இதே நிறுவனம் ஸ்கை நியூசுக்காக இதே கேள்வியைக் கேட்டபோது முஸ்லிம்களில் 28 சதவீதம் பேர் அனுதாபம் உண்டு என்றிருந்தார்கள்; அதாவது எண்ணிக்கை இறங்கியிருந்தது. முஸ்லிம் அல்லாதவர்களிலும் சுமார் 14 சதவீதம் பேர் அதே பதிலைச் சொல்லியிருந்தார்கள். இதைத் தலைப்பாக்க யாருக்குத் தோன்றும்!

ஆயிரக்கணக்கானோர் புகார் செய்தார்கள். கணிப்பு எடுத்த நிறுவனமே, தன் முடிவுகளுக்குப் பத்திரிகை கொடுத்த விளக்கத்தைத் தான் ஏற்கவில்லை என்றது. பத்திரிகை ஒழுங்கு அமைப்பான இப்சோ, அந்தச் செய்தி கணிசமான அளவில் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்பளித்தது, ஆனால் 2016 மார்ச்சில். நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் பள்ளிக்கூட வாசலில், பேருந்தில், வேலையிடத்தில் நம் சகோதரிகளும் பிள்ளைகளும் அந்தத் தலைப்போடுதான் நடந்தார்கள்.

இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம். ஏதாவது ஒரு நாளிதழை எடுத்து, தலைப்பையும் படத்தையும் ஒரு தாளால் மூடிவிட்டு, செய்தியை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அவர்களையே ஒரு தலைப்பு எழுத வைத்து, மூடிய தாளை எடுத்து ஒப்பிடுங்கள். எண்கள் வந்தால், கேட்ட கேள்வி என்ன, மீதிப் பேர் என்ன சொன்னார்கள் என்று தேடச் சொல்லுங்கள். நமக்குப் பிடித்த கட்சியைப் புகழும் பத்திரிகையிலும் இதைச் செய்ய வேண்டும். அங்கேதான் பெரியவர்களுக்குக் கை வராது. மேலே சொன்ன 5, 15, 70 என்ற எண்களை வைத்துப் பிள்ளைகள் எழுதும் தலைப்புகளை அலுவலகத்தில் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வெளியிடுவோம்.