முதல் பெட்டியில் என்னென்ன?

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கும் மாணவருக்கு எந்தெந்த உதிரிபாகங்கள் வாங்கலாம்?

பதில்: தொடக்கப் பெட்டியில் அதிகம் புழங்குவது ரெசிஸ்டர்தான். கலவையாக விற்கும் பெரிய பாக்கெட்டில் பாதி மதிப்புகள் கடைசிவரை தொடப்படாமலே கிடக்கும். 220, 470 ஓம், 1, 10, 100 கிலோ ஓம் ஆகிய ஐந்தும் கால் வாட்டில் இருந்தால் பெரும்பாலான சோதனைகள் நடந்துவிடும். 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி.யை எரிக்கும்போது அதற்கு ஏறத்தாழ 2 வோல்ட் போக, மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரின் பங்கு. 470 ஓம் போட்டால் ஓடுவது சுமார் 15 மில்லி ஆம்பியர், வெப்பமாவது 0.1 வாட்தான், கால் வாட் தாராளம். மஞ்சள், ஊதா, பழுப்பு, ஓரத்தில் தங்க நிறம் என்று பட்டைகள் வந்தால் அது 470.

கெப்பாசிட்டரில் ‘104’ என்று அச்சிட்ட 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக்கும், 10, 100 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கும் போதும். எலக்ட்ரோலிட்டிக்கின் உடலில் கோடு போட்ட பக்கத்துக் கால் நெகட்டிவ். மாற்றி இணைத்தால் வெடிக்கவும் கூடும்.

டிரான்சிஸ்டருக்கு பி.சி.547. தட்டை முகம் முன்னால், கால்கள் கீழே இருக்க, இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எல்லா டிரான்சிஸ்டருக்கும் இதே வரிசை என்று நம்பக் கூடாது. ஐ.சி.க்கு 555. பிரெட்போர்டும் சாதாரண மல்டிமீட்டரும் அவசியம். சால்டரிங் அயர்ன் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.