‘படிப்பு ஏறவில்லை’ என்று சொல்லுமுன்



எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒருவிதக் கூட்டம் வரும். பிள்ளைக்குக் காய்ச்சலோ இருமலோ இராது. தாயின் கையில் ஒரு ரேங்க் கார்டு இருக்கும்.

அப்படி வந்தவன் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். “வயித்துவலின்னு சொல்லி ஸ்கூலுக்கே போகமாட்டேங்கறான் ஐயா. படிப்பும் ஏறல. எட்டாவது முடிஞ்சதும் மெக்கானிக் ஷாப்புல விட்டுரலாம்னு அவங்கப்பா சொல்றாரு” என்றார் தாய். வயிற்றில் கோளாறு எதுவுமில்லையென்று கண்ட டாக்டரம்மா, சற்றுப் பேசிப் பார்க்கும்படி அவனை என்னிடம் அனுப்பினார். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். முதல் பாடத்தை மளமளவென்று சொன்னான். நடுவிலுள்ள ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, “இது என்ன தம்பி?” என்று கேட்டேன். அவன் பாடத்தின் முதல் வரியிலிருந்து மறுபடியும் முணுமுணுத்துக்கொண்டே வந்தான், அந்தச் சொல்லை எட்டிப் பிடிப்பதற்காக. காதால் கேட்டதையெல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு நான்கு வருஷம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அதற்கு எவ்வளவு புத்தி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அவனைத்தான் ‘மக்கு’ என்றார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலாவது செய்யவேண்டியது காதையும் கண்ணையும் சோதிப்பது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் கட்டிக்கொள்ளும். வலி இராது, ஆனால் மெல்லிய ஓசைகள் விழாமற்போகும். ஆசிரியர் சொல்வதில் பாதி கேட்காத பிள்ளை கவனமில்லாதவன் என்று பெயர் வாங்குகிறது. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குக் கரும்பலகை புகைமூட்டமாய்த் தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறதென்று அது நினைத்துக்கொள்ளும். இரத்தசோகை, தூக்கக் குறைவு, வீட்டிலுள்ள பயம் ஆகியவற்றையும் விசாரிக்கவேண்டும். ஒரு மூக்குக்கண்ணாடியோடு காரியம் முடிந்துபோன பிள்ளைகளும் உண்டு.

இந்தப் பையனுக்குக் காதும் கண்ணும் நன்றாயிருந்தன. மனநல நிபுணர் செய்த பரிசோதனையில் அறிவுத்திறனும் வயதுக்குத் தக்கதாயிருந்தது. எழுத்தையும் ஓசையையும் இணைக்கும் இடத்தில்தான் தடை. இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். இது புதிய வியாதியல்ல. 1896-ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், வாசிக்க இயலாத 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அந்தப் பையனின் ஆசிரியர் சொன்னதாகவும் அதில் உண்டு.

பின்தங்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் டிஸ்லெக்சியா என்று எண்ணிவிடவும் கூடாது. சிலருக்கு அறிவு வளர்ச்சியே மெதுவாயிருக்கும். சிலருக்கு ஓரிடத்தில் உட்கார இயலாது. சிலருக்குக் கணக்கு மாத்திரம் வராது. ஒவ்வொன்றுக்கும் உதவி வேறு. ஞாபகசக்தி டானிக் என்று கடையில் விற்பது இவற்றில் எதற்கும் மருந்தல்ல. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கிக் கொடுக்கலாம்.

நம் தமிழ் எழுத்துக்கள் 247 என்று பெருமையாகச் சொல்லுகிறோம். எழுத்துக்கும் ஓசைக்கும் உள்ள தொடர்பு ஆங்கிலத்தைவிடத் தமிழில் ஒழுங்கானதே. ஆயினும் தடுமாறும் பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஓசையோ பின்னே வருகிறது. ‘கொ’ என்பதில் இரு பக்கமும் நின்று நடுவிலுள்ள எழுத்தைப் பிடித்துக்கொள்ளுகிறது. ‘க’ ஒன்றே கடல், தங்கம், அகல் என்று மூன்று விதமாய் ஒலிக்கிறது. ல, ள, ழ பற்றிச் சொல்லவே வேண்டாம், பிரசங்க மேடையிலேயே அவை தடுமாறுகின்றன! ஆகையால் தமிழில் வாசிக்கும் இப்பிள்ளைகள் பலர் எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வரியின் முடிவுக்கு வருமுன் அதன் தொடக்கம் மறந்துபோகும்.

எங்கள் சிறப்பு ஆசிரியை அவனுக்கு ‘அ’விலிருந்து தொடங்கினார். ஒரு தட்டில் மணல். விரலால் எழுதும்போதே ஓசையை வாயால் சொல்லவேண்டும். கண், காது, வாய், கை நான்கும் ஒன்றாய் வேலை செய்யும். கொம்பு, கால், விசிறி ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை; எழுத்தோடு சேர்த்தும் பிரித்தும் வைத்து ஓசை மாறுவதைக் கேட்பான். ஒன்று உறுதியாகாமல் அடுத்ததற்குப் போவதில்லை. தினம் அரைமணி நேரம், வீட்டில் தாயோடு. சனிக்கிழமை மாத்திரம் இங்கே. நீளமாக ஒருநாள் செய்வதைவிட, கொஞ்சமாக நாள்தோறும் செய்வதே பலன் தரும். பதினான்கு மாதத்தில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை மெதுவாக வாசிக்கிறான். எழுத்துப் பிழைகள் இன்னும் ஏராளம். வயிற்றுவலி போய்விட்டது.

இரண்டாம் வகுப்பில் வந்திருந்தால் இத்தனை பாடு இல்லை. முதலிரண்டு வகுப்பில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. அதற்குமேல் வாசித்துத்தான் மற்றதைக் கற்கவேண்டும். அப்போது அறிவியலும் சமூக அறிவியலும் கணக்கிலுள்ள கேள்விகளும் சேர்ந்து கைவிட்டுப் போகும். வெட்கமும் வளர்ந்துவிடும். கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் பொதுவாக எட்டு வயதையொட்டித்தான் கொடுக்கப்படும்; உதவியோ அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பேச்சு தாமதமாக வந்த பிள்ளை, ஓசை ஒத்த சொற்களைக் கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளை, பழகிய எழுத்தை மறுநாள் மறக்கும் பிள்ளை, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இப்படி இருந்த பிள்ளை ஆகியோரைச் சீக்கிரமே காட்டுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகின்றன. மேற்கொண்டு பார்க்க மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் இப்பிள்ளைகளுக்கு இடமேயில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தபின், தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்க உரிமை உண்டாயிற்று.

உங்களில் அநேகர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள். ஆகையால் இதையும் எழுதுகிறேன். 1992-ல் நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு கிராமச் சபையில் பத்து வயதுப் பையனை எழுப்பி வேதபாடம் வாசிக்கச் சொன்னேன். திக்கினான். “பட்டணத்துப் பிள்ளைகளைப் பார்” என்று எல்லாருக்கும் முன்பாகச் சொல்லி, முடிக்கும்வரை நிற்கவைத்தேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நானும் போய் விசாரிக்கவில்லை.

சென்ற வருஷம் எங்கள் வார்டில் வயரிங் வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கைதேர்ந்த வேலைக்காரர். பில்லை மட்டும் அவருடைய மனைவி எழுதித் தருகிறார். நான் அந்த ஞாயிறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது சிரித்தார். “அதெல்லாம் விடுங்க ஐயா” என்றவர், ஏணியிலிருந்து இறங்கி, சற்று நேரம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“எம் பொண்ணு ரெண்டாவது படிக்குறா. அவளும் என்னை மாதிரியே இருக்கா. கூட்டிட்டு வரட்டுமா?”

மறு செவ்வாய்க்கிழமையே வரச்சொன்னேன். காது சோதனைக்கு அவரும் உடன் வந்து உட்கார்ந்திருந்தார்.