தபால்காரர் தலையில் விழுந்த பழி

ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் பிழைப்பு. அடிதடிக்கு அங்கே புழங்கும் பேச்சுவழக்குகளில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது ‘கோ போஸ்டல்’. ஆத்திரத்தில் நிதானமிழந்து கண்மண் தெரியாமல் தாக்குவது என்று பொருள். தபாலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமல் கைவைத்தால் வசனம் சொதப்பிவிடும்.

1986 ஆகஸ்ட் 20. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் எட்மண்ட் நகரம். பகுதிநேரத் தபால்காரர் ஒருவர் துப்பாக்கியோடு வேலைக்கு வந்து, உடன் வேலைபார்த்த 14 பேரைச் சுட்டுக் கொன்றார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். வேறு சில தபால் நிலையங்களிலும் இதுபோல நடந்தது. 1991இல் மிச்சிகன் மாநில ராயல் ஓக்கில் நான்கு பேர் பலியானார்கள். 1993 வாக்கில் பத்திரிகைகளில் தலைகாட்டிய ‘கோ போஸ்டல்’ என்ற வழக்கு, 1995இல் ‘க்ளூலெஸ்’ படத்துக்குள் வந்தபோது பள்ளிப் பிள்ளைகளின் அரட்டைப் பேச்சாகியிருந்தது.

தபால் துறைக்கு இதைக் கேட்டாலே ஆகாது. நியாயம்தான். வேலையிடத்தில் கொல்லப்படும் அபாயம், மற்ற தொழிலாளர்களோடு ஒப்பிட்டால் தபால் ஊழியர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் என்று ஜோசப் கலிஃபானோ தலைமையிலான ஆணையம் 2000இல் அறிக்கை கொடுத்தது. அறிக்கையை யார் படிக்கிறார்கள்!

சப்டைட்டில் எழுதும்போது, காட்சியில் ஆயுதம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது, காபி தீர்ந்துபோனதற்கு யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள். அங்கே ‘மேனேஜர் சாமியாடிட்டாரு’ என்று போட்டால் கச்சிதம். (நிஜமாகவே அருள்வந்து ஆடுகிறவர்கள் கோபித்துக்கொள்ள இடமுண்டு.) ‘வென்ட் போஸ்டல் ஆன் மீ’ என்று ஆளைச் சுட்டி வந்தால் ‘என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாரு’. உண்மையிலேயே துப்பாக்கி வெடித்திருந்தால் இந்த விளையாட்டுக்கெல்லாம் இடமில்லை. ‘வெறிபிடிச்சு எல்லாரையும் சுட்டுட்டான்’ என்று நேராகவே எழுதிவிடுவேன்.

அமெரிக்க அலுவலகத்தில் வேலை பார்க்கப் போகிறவர்கள் ‘நான் போஸ்டல் ஆகிடுவேன்’ என்று தங்களைப் பற்றி வேடிக்கைக்கும் சொல்லவேண்டாம். கேட்பவர் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டால் விசாரணைவரை போகும். துப்பாக்கிச்சூடு நடந்த ஊர்க்காரரிடம் வாயே திறக்காதீர்கள்.

கதை நடக்கும் ஆண்டையும் கவனிப்பேன். 1970களில் நடக்கும் கதையில் ஒரு பாத்திரம் இப்படிப் பேசினால் அது வசனகர்த்தாவின் சறுக்கல். தமிழில் ‘சாமியாடிட்டான்’ என்று போட்டுவிட்டால் அந்த ஓட்டை யார் கண்ணுக்கும் படாது.