பேசாத குழந்தை தந்த துணிவு

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தந்தை வருகிறார். அவருடைய மகனைச் சிறு வயது முதலே கொடிய வலிப்பு வருத்துகிறது. அது வரும்போது சிறுவன் தீயிலும் விழுவான், நீரிலும் விழுவான். சீடர்களால் அவனைக் குணப்படுத்த இயலவில்லை. இறுதியில் இயேசுநாதரின் முன் வந்து நிற்கும் அந்தத் தந்தை, தமக்கு நம்பிக்கை உண்டு என்று கதறுகிறார். அதே மூச்சில் தமது நம்பிக்கையின்மை நீங்கவும் உதவி வேண்டுகிறார்.

நம்பிக்கையும் ஐயமும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதை இந்நிகழ்ச்சி மறைக்கவில்லை. இயேசுநாதர் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. சிறுவன் நலம் பெறுகிறான்.

ஆனால் எல்லா இல்லங்களிலும் இவ்வாறு நிகழ்வதில்லை. எவ்வளவு வேண்டியும் நலம் பெறாத குழந்தைகள் இருக்கின்றனர். அவர்களுடைய பெற்றோரின் நம்பிக்கை என்னவாகிறது? கிறிஸ்தவ மரபில் இந்தக் கேள்வியைத் தம் வாழ்வாலேயே எதிர்கொண்டவர்களுள் ஒருவர், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் எம்மானுவேல் மூனியே.

ஓர் அறிஞரின் இல்லம்

மூனியே 1905-இல் கிரெனோபிள் நகரில் பிறந்தார். ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடையவர். 1932-இல் 'எஸ்பிரி' என்ற மாத இதழைத் தொடங்கினார். மனிதன் பணத்துக்கோ அரசுக்கோ கருவி அல்லன். ஒவ்வொருவனும் ஈடற்ற மதிப்புடையவன் என்று அதில் எழுதி வந்தார். 'பெர்சனலிசம்' என்னும் பெயரால் அச்சிந்தனை இன்று அறியப்படுகிறது.

1935-இல் போலெத் என்பவரை மணந்தார். 1938-இல் பிரான்சுவாஸ் என்ற மகள் பிறந்தாள். சில மாதக் குழந்தையாக இருந்தபோதே, பெரியம்மைத் தடுப்பூசியை அடுத்து மிக அரிதாக நேரக்கூடிய மூளையழற்சி அவளைத் தாக்கியது. உயிர் தங்கியது, அறிவின் மலர்ச்சி நின்றுபோயிற்று. அவள் பேசப்போவதில்லை, பெற்றோரை அடையாளம் கண்டு புன்னகைக்கப்போவதில்லை என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

இதற்கிடையே 1939-இல் போர் மூண்டது. மூனியே படைப்பணிக்கு அழைக்கப்பட்டார். வீட்டில் நோயுற்ற மகளுடன் மனைவி தனித்திருந்தார். அந்நாட்களில் அவருக்கு மூனியே எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளியாயின.

இழப்பா, அர்ப்பணமா?

ஆறுதல் சொற்களை அடுக்கும் கடிதங்கள் அல்ல அவை. துயரத்தை அவர் துயரம் என்றே அழைக்கிறார். ஆயினும் மனைவியிடம் ஒன்றை வேண்டுகிறார்: நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றாக இதனை நாளெல்லாம் எண்ண வேண்டாம், நாம் கொடுக்கும் ஒன்றாக எண்ணுவோம். அக்குழந்தையின் படுக்கையை நெருங்கும்போது பலிபீடத்தை நெருங்குவதுபோல் உணர்ந்ததாகவும் எழுதுகிறார். தங்கள் நடுவே இருக்கும் தூய நற்கருணை அப்பமாகவே அவளைக் காண்கிறார்.

இந்த உவமையின் பொருளைச் சற்று விளக்க வேண்டும். கத்தோலிக்க வழிபாட்டில் நற்கருணை அப்பம் மிக எளிய பொருள்; வெண்மையானது, வாய் பேசாதது. ஆனால் இறைவனே அதில் எழுந்தருளியிருப்பதாக விசுவாசிகள் நம்புகின்றனர். கண்ணுக்குத் தெரிவது சிறிது; மறைந்திருப்பது பெரிது. பேசாத மகளிடமும் அவர் அதையே கண்டார்.

நோயை நல்லதென்று அவர் கூறவில்லை. மருத்துவத்தைக் கைவிடுவதும் நம்பிக்கை ஆகாது. நிகழ்ந்ததை மாற்ற இயலாத நிலையிலும் அதனை எவ்வாறு ஏற்பது என்பது மனிதன் கையில் இருக்கிறது. பறிகொடுத்தவன் கையறுநிலையில் நிற்கிறான். அர்ப்பணிப்பவன் அதே கண்ணீருடன் செயலாற்றுகிறான்.

எதைக் கொண்டு அளப்பது?

அந்தக் காலத்தில் இது ஒரு குடும்பத்தின் துயரமாக மட்டும் இருக்கவில்லை. அதே 1939-இல் அண்டை நாடான ஜெர்மனியில், உடலும் மனமும் குன்றிய குழந்தைகளை வாழத் தகுதியற்றவர்கள் எனக் கருதிக் கொல்லும் திட்டத்தை நாஜி அரசு தொடங்கியது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் மடிந்தனர். 1941 ஆகஸ்டில் மூன்ஸ்டர் நகர ஆயர் கிளெமென்ஸ் வான் காலென் இக்கொலைகளை மறையுரையில் வெளிப்படையாகக் கண்டித்தார்.

அறிவு, பேச்சு, உழைப்பு ஆகியவற்றால் மனிதனை அளந்தால் பிரான்சுவாஸுக்கு மதிப்பே இல்லை. மூனியே தமது இதழில் வாதிட்ட கொள்கை இப்போது தொட்டிலில் சோதனைக்கு உள்ளாயிற்று. அந்தச் சோதனையில் அவர் பின்வாங்கவில்லை. எதையும் செய்ய இயலாத மகள் முழுமையான மனித உயிர் என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை.

1941-இல் விஷி அரசு அவருடைய இதழைத் தடை செய்தது. 1942-இல் அவர் கைது செய்யப்பட்டார், சிறையில் உண்ணாநோன்பு இருந்தார், பின்னர் விடுவிக்கப்பட்டார். 1950-இல், 44 வயதில் மாரடைப்பால் காலமானார்.

நமக்குரிய பாடம்

யோவான் நற்செய்தியிலும் இத்தகைய ஒரு நிகழ்ச்சி உண்டு. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனுடைய பெற்றோரா என்று வினவுகின்றனர். இரண்டையும் இயேசுநாதர் மறுத்துவிடுகிறார். பின்னர் அவனுக்குப் பார்வை அளிக்கிறார். காரணம் தேடியவர்களின் பார்வையை அவர் பணியின் பக்கம் திருப்புகிறார்.

நோயுற்ற குழந்தை உள்ள இல்லத்துக்குச் செல்லும்போது நாமும் பெரும்பாலும் விளக்கங்களையே எடுத்துச் செல்கிறோம். ஒருவர் 'வினைப்பயன்' என்கிறார்; மற்றொருவர் 'கடவுளின் சோதனை' என்கிறார். சொல்பவருக்கு அது தத்துவம். இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கு அது குற்றச்சாட்டு. அந்தத் தாய்க்குத் தேவை, சிறிது நேரம் குழந்தையை நம் மடியில் வாங்கிக்கொள்ளும் கைகளே.

துணிவு என்பது கலங்காத நெஞ்சம் அன்று. கலங்கிய நெஞ்சுடனேயே மறுநாள் காலையும் அந்தப் படுக்கையின் அருகில் செல்வதே துணிவு. 'ஏன்?' என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அன்பு காத்திருப்பதில்லை. நற்செய்தியின் அந்தத் தந்தையும் ஐயம் தீர்ந்த பிறகு மகனை அழைத்து வரவில்லை. ஐயத்தோடே அழைத்து வந்தார். அதுவே அவருடைய நம்பிக்கை.