கம்ப்யூட்டர் பழுது, விற்ற கடைக்கோ பூட்டு!

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. விற்றவரோ நொடித்துப்போய் ஷட்டரை இறக்கிவிட்டார். பதற வேண்டாம். வாரன்டி தருவது பெரும்பாலும் கடைக்காரர் அல்ல, தயாரிப்பு நிறுவனம்தான். சீரியல் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள், எத்தனை நாள் மிச்சம் என்று தெரிந்துவிடும்.

அசெம்பிள் செய்ததா? மதர்போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரன்டி உண்டு. எது பழுதோ அதை மட்டும் கழற்றி, அந்தந்த சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம். அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருப்பது இதற்குத்தான். பில் முக்கியம். தெர்மல் காகிதம் சீக்கிரம் மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

கடைக்காரர் தன் கையால் எழுதித் தந்த 'எக்ஸ்ட்ரா வாரன்டி'தான் தலைவலி. அவரைத் தேடிப் பிடிக்க, பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடினால், பதிவு செய்தவர் பெயரும் முகவரியும் கிடைக்கும். தனி உரிமையாளர் என்றால், கடையை மூடியதால் மட்டும் அவர் பொறுப்பு தீர்ந்துவிடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்றால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். அடிவாங்குவது உங்கள் கிரெடிட் ஸ்கோர்தான்.