இல்லத்து மின்கருவிகளும் இருவகை விலையும்

முன்னுரை

அம்மியும் உரலும் இருந்த இடத்தில் இன்று மிக்சியும் கிரைண்டரும் அமர்ந்துள்ளன. பனையோலை விசிறி இருந்த கையில் விசைப்பொத்தான் வந்துவிட்டது. மின்கருவிகள் இன்றி இல்லறம் நடத்துதல் இனி இயலாது. ஆகவே, அவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது என்பதே நம்முன் நிற்கும் வினாவாகும்.

இது பொறியியலார்க்கு உரிய வினா என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. வரவுக்கும் செலவுக்கும் உள்ள அளவை அறிதலை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்துப் பேசுகிறார். 'இஸ்ராஃப்' எனப்படும் வீண்விரயத்தை இஸ்லாம் கண்டிக்கிறது. அதே அளவிற்குக் கஞ்சத்தனத்தையும் வெறுக்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறியே செம்மையானது. அந்நெறி மின்கருவித் தேர்வில் எவ்வாறு அமையவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை விலை

மின்கருவி ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலைகள் உள்ளன. ஒன்று, கடையில் ஒரே முறை கொடுப்பது. மற்றொன்று, அக்கருவி பழுதுபட்டு ஒழியும் நாள்வரை மின்கட்டணத்தின் வழியே கொடுத்துக்கொண்டே இருப்பது. முதல் விலைக்காக நாம் நான்கு கடை ஏறி இறங்குகிறோம், பேரம் பேசுகிறோம். இரண்டாம் விலையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. நெடுநேரம் ஓடும் கருவிகளைப் பொறுத்தவரை இரண்டாம் விலையே பெரிது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அறியலாம்.

வாட்டும் நேரமும்

ஆயிரம் வாட் திறனை ஒரு மணிநேரம் பயன்படுத்தினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். எனவே, செலவை முடிவு செய்வது வாட் மட்டும் அன்று. வாட்டும் நேரமும் பெருகிய பெருக்கமே ஆகும். இதனை உணராமையால் பலரும் பேரொலி எழுப்பும் மிக்சியைக் கண்டு அஞ்சுகின்றனர். ஒலியின்றிச் சுழலும் விசிறியை மறந்துவிடுகின்றனர். 750 வாட் மிக்சி நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஓடினால் 0.125 யூனிட் செலவாகும். 75 வாட் விசிறி பன்னிரண்டு மணிநேரம் சுழன்றால் 0.9 யூனிட் செலவாகும். பத்தில் ஒரு பங்கு வாட் உடைய விசிறி, மிக்சியைவிட ஏழு மடங்கு மின்சாரத்தை உண்கிறது!

இதிலிருந்து ஒரு விதி பெறப்படுகிறது. எக்கருவி நெடுநேரம் ஓடுகிறதோ அக்கருவியைத் தேர்வதில்தான் முதற்கவனம் வேண்டும். தமிழகத்து வீடுகளில் அத்தகையவை விசிறியும், குளிர்பதனப் பெட்டியும், விளக்குமே ஆகும். குளிர்சாதனம் உள்ள வீடுகளில் அதனையும் சேர்த்துக்கொள்க.

விசிறியும் விளக்கும்

பழைய வகைக் கூரை விசிறிகள் ஏறத்தாழ 75 வாட் வரை எடுத்துக்கொள்வன. பி.எல்.டி.சி. எனப்படும் புதிய வகை விசிறிகள் 30 வாட் அளவிலேயே ஓடுகின்றன. இவற்றின் சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் அமைந்திருப்பதால், அப்பகுதியில் மின்னோட்டம் தோன்றி வெப்பமாக வீணாவது தவிர்க்கப்படுகிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம், ஆண்டில் 300 நாள் எனக் கொண்டால் பழைய விசிறிக்கு 270 யூனிட்டும் புதியதற்கு 108 யூனிட்டும் செலவாகும். மிச்சம் 162 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 810 ரூபாய். புதிய விசிறிக்கு 1500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம் எனின், அத்தொகை இரண்டாண்டிற்குள் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் ஆதாயமே.

கூடுதல் விலையை ஆண்டு மிச்சத்தால் வகுக்கும் இம்முறையை எக்கருவிக்கும் பொருத்தலாம். பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக உயரும் கட்டண முறையில், மிச்சமாகும் யூனிட்டுகள் உயர்ந்த படியிலிருந்தே குறைகின்றன என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

விளக்கிலும் இதே நிலைதான். 60 வாட் குண்டு பல்பு தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறது. குண்டு பல்பு தான் பெறும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுகிறது. ஆதலின் விளக்கு வாங்கும்போது வாட்டைக் கொண்டு ஒளியை மதிப்பிடலாகாது. உறையில் அச்சிடப்பட்டுள்ள லூமென் அளவைக் காணுதல் வேண்டும்.

நட்சத்திரச் சீட்டைப் படிக்கும் முறை

ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்வழி 2002இல் எரிசக்தித் திறன் செயலகம் (பி.இ.இ.) அமைந்தது. கருவிகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரமிடும் திட்டம் 2006இல் தொடங்கிற்று. உறைபனி படியாத குளிர்பதனப் பெட்டிக்கும் அறைக் குளிர்சாதனத்திற்கும் 2010இலும், கூரை விசிறிக்கு 2023 ஜனவரியிலும் இச்சீட்டு கட்டாயமாயிற்று.

நட்சத்திரங்களை எண்ணுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அது போதாது. மூன்று செய்திகளை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, நட்சத்திரம் என்பது ஒத்த வகையும் ஒத்த அளவும் உடைய கருவிகளை ஒப்பிடுவதற்கே உரியது. ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய குளிர்பதனப் பெட்டி, மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய பெட்டியைவிட மிகுதியாக மின்சாரம் உண்ணக்கூடும். குடும்பத்தின் தேவைக்கு ஏற்ற அளவை முதலில் உறுதி செய்து, பின்னரே நட்சத்திரத்தைக் காணவேண்டும்.

இரண்டாவது, தர அளவுகள் அவ்வப்போது உயர்த்தப்படுகின்றன. பழைய இருப்பில் உள்ள ஐந்து நட்சத்திரக் கருவி, புதிய அளவின்படி கீழிறங்கிவிடலாம். எனவே சீட்டிலுள்ள ஆண்டைப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, ஆண்டு மின்செலவு இத்தனை யூனிட் என்று குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதனம் ஆகியவற்றின் சீட்டில் ஓர் எண் காணப்படும். இரண்டாம் விலையைச் சொல்லும் எண் இதுவே. குளிர்சாதனத்திற்கு இவ்வெண் ஆண்டுக்கு 1600 மணிநேரப் பயன்பாட்டை வைத்துக் கணிக்கப்படுவது; நம் பயன்பாடு அதனின் மிகுந்தால் செலவும் மிகும். 2020 ஜனவரி முதல் புதிய அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்பட்டதன் கருத்தும் சிக்கனமே. நல்ல கருவியை வாங்கி 18 பாகையில் வைத்தல் நட்சத்திரத்தின் பயனைக் கெடுப்பதாகும்.

வாங்குவோர் ஒருவர், செலுத்துவோர் ஒருவர்

இத்துணை எளிய கணக்கு இருந்தும் தவறான தேர்வுகள் ஏன் நிகழ்கின்றன? அறியாமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், வாங்குபவர் ஒருவராகவும் கட்டணம் செலுத்துபவர் வேறொருவராகவும் இருப்பதே ஆகும்.

வாடகை வீட்டில் விசிறியை மாட்டுபவர் உரிமையாளர். கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். மகளுக்குச் சீராகக் குளிர்பதனப் பெட்டியை வாங்குபவர் தந்தை. அதன் பெருமை பந்தலில் காணும் உயரத்தால் அளக்கப்படுகிறது. பதினைந்து ஆண்டுகள் அதற்குக் கட்டணம் செலுத்தவிருப்பவர் மணமக்கள். பழுது முற்றிய பழைய பெட்டியை வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு அறம் செய்ததாக மகிழ்பவரும் உண்டு. அப்பெட்டியின் இரண்டாம் விலை அந்த ஏழையின் தலையில் ஏறுகிறது என்பதை அவர் எண்ணுவதில்லை.

பள்ளிவாசலையும் ஈண்டு நினைத்தல் தகும். மறைந்த பெற்றோர் நினைவாக விசிறி அன்பளிப்பு வழங்குதல் நம்மிடையே உள்ள நல்வழக்கு. தொழுகைக் கூடமொன்றில் இருபது விசிறிகள் நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம், ஆண்டில் 300 நாள் ஓடுவதாகக் கொள்வோம். 75 வாட் விசிறிகளுக்கு மாற்றாக 30 வாட் விசிறிகள் இருப்பின் ஆண்டுக்கு 1350 யூனிட் மிச்சமாகும். அம்மிச்சம் ஜமாஅத்தின் பொதுப்பணம். ஓர் ஏழை மாணவனின் நூல்களுக்கும் கட்டணத்திற்கும் ஆகக்கூடிய பணம். குறைந்த விலையில் பத்து விசிறி கொடுப்பதினும், சிக்கனமான ஏழு விசிறி கொடுத்தல் சிறந்த கொடையாகலாம். கொடையின் நிறைவு கொடுத்த பொருளின் எண்ணிக்கையில் இல்லை. பெற்றவர் மீது ஏறாத சுமையில் உள்ளது.

இச்சுமை பணத்தோடு முடிவதும் இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியும் மேட்டூரில் நிலக்கரியும் எரிந்தே மின்சாரம் பிறக்கிறது. கம்பிவழி வரும்போது ஒரு பகுதி இழப்பாகிறது. எனவே இல்லத்தில் ஒரு யூனிட் மிச்சமானால், நிலையத்தில் ஒரு யூனிட்டிற்கும் மேலாகவே மிச்சமாகிறது. அப்புகையைச் சுவாசிப்பவர் கருவியை வாங்கியவரும் அல்லர்; கட்டணம் செலுத்தியவரும் அல்லர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. நெடுநேரம் ஓடும் கருவிக்கு முதலிடம் தருக. அளவைத் தேவையால் முடிவு செய்க. சீட்டில் ஆண்டையும் யூனிட்டையும் படிக்க. கூடுதல் விலை எத்தனை ஆண்டில் திரும்பும் என்று வகுத்துப் பார்க்க. சிறிது நேரமே ஓடும் மிக்சிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் சிக்கனத்தின் பெயரால் மிகுபொருள் செலவிடவேண்டா; அதுவும் விரயமே.

இவற்றோடு கடைக்குள் நுழையுமுன் ஒரு வினாவை எழுப்புதல் இன்றியமையாதது: "இதற்கு இனி யார் கட்டணம் செலுத்துவார்?" விடை 'நான்' எனின் அறிவோடு வாங்குக. விடை 'பிறர்' எனின் அறிவோடு அறமும் சேர வாங்குக. இதனை மாணவச் செல்வங்கள் தத்தம் இல்லங்களில் எடுத்துரைத்தல் அவர்தம் கடனாகும்.