வக்கீலா, லாபிக்காரரா?

கொல்லங்கோட்டுக்கு அருகிலுள்ள பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலை 2000இல் தொடங்கி 2004இல் நின்றது. அது விளைத்த சேதம் 216 கோடி ரூபாய் என்று 2010இல் கேரள அரசின் குழு கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. மசோதா டில்லி போயிற்று. கூடவே, கம்பெனி மூத்த வக்கீல்களிடம் வாங்கிய எதிர்க்கருத்தும் உள்துறை அமைச்சகத்தை எட்டியது. அமைச்சகம் அதைக் கேரளத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கடைசிவரை கிடைக்கவில்லை.

கோர்ட்டில் கொடுக்கும் மனுவின் நகல் எதிர்த்தரப்புக்குப் போயாக வேண்டும். அமைச்சரிடம் கொடுக்கும் கருத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே வக்கீல் செய்வது வாதமல்ல, லாபி. அதைத் தடுக்க வேண்டாம். பதிவு செய்தால் போதும். அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, லாபி செய்யும் வக்கீல் நிறுவனமும் கட்சிக்காரர் பெயரையும் அவரிடம் பெற்ற தொகையையும் தெரிவிக்க வேண்டும். இந்தியச் சந்தைக்காக வால்மார்ட் லாபிக்குச் செலவிட்டதை 2012இல் நம் பார்லிமெண்ட் அறிந்ததே அந்தப் பதிவேட்டால்தான்.